மணியடித்து முட்டை கேட்ட கேப்டன்

குவில்லட் முனை நாடக அரங்கின் வரலாற்றை யார் கேட்டாலும், அதன் முதலாளி அகஸ்டா விட்டன், "1931-ல் கலைக்காகவே எழுப்பப்பட்டது" என்று ஆரம்பிப்பாள். சுத்தப் பொய். அது மத்தி மீனுக்குப் புகை போடக் கட்டிய கொட்டகை. மீன் வரத்து நின்றுபோனதும் அகஸ்டா அதைச் சல்லிசாக வாங்கி, கடல் பக்கம் மேடையும் ரோட்டுப் பக்கம் பெஞ்சுகளும் போட்டாள். மழை பெய்தால் பலகைச் சுவரிலிருந்து இன்னமும் புகைமீன் நாற்றம் வரும். பாஸ்டனிலிருந்து கோடைக்கு வரும் பெரிய மனிதர்கள் அதை மூச்சிழுத்து, "ஆகா, பழமையின் மணம்!" என்பார்கள். அவர்கள் போனதும் நாங்கள் ஜன்னல்களைத் திறந்து வைப்போம்.

நான் தெல்மா கிரிண்டில். அங்கே இருபது கோடைகள் நடித்தேன். நடித்தேன் என்றால் கதவு திறந்தேன், தட்டு ஏந்தினேன், "ஐயா, போலீஸ் வந்திருக்கிறது" என்றேன். கதாநாயகி வேடமெல்லாம் நியூயார்க்கிலிருந்து வாரம் ஒருத்தியாக வந்து இறங்கும் நட்சத்திரங்களுக்கு. அவர்களுடைய வசனத்தையும் நான் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும், யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆகுமே என்று. இருபது வருடத்தில் ஒருத்திக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. எல்லாம் இரும்பு உடம்பு!

எங்கள் தொழில் எப்படி என்றால், வாரத்துக்கு ஒரு நாடகம். திங்கட்கிழமை புதிது, சனிக்கிழமையோடு அது செத்தது. பகலில் அடுத்த வாரத்து நாடகத்துக்கு ஒத்திகை. ஆக, மண்டைக்குள் எந்நேரமும் மூன்று நாடகம் குடியிருக்கும்: மறக்க வேண்டியது ஒன்று, ஆட வேண்டியது ஒன்று, உருப்போட வேண்டியது ஒன்று. இதில் மறப்பதுதான் பெரும்பாடு, ஏனென்றால் அதற்கு மட்டும் ஒத்திகை கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. எதிரே நிற்பவர் தவறிப்போய் வேறு நாடகத்துக்குள் விழுந்தால் நீயும் கூடவே குதிக்க வேண்டும். முதலில் கரை சேர்த்துவிடு, திட்டுவதைத் திரை விழுந்த பிறகு வைத்துக்கொள்.

1952 ஆகஸ்டில் 'எரிந்த கடிதங்கள்' போட்டோம். அதன் நாயகி டாஃப்னி கார்லிஸ், இரண்டு கையிலும் இரண்டு பெரிய சிங்கி இறாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாசிப் பாறைமேல் நின்று பத்திரிகைக்குப் புகைப்படம் எடுக்கப் போனாள். இறால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாஃப்னிக்குக் கணுக்கால் முறிந்தது.

புதன்கிழமை மதிய ஆட்டத்துக்கு நியூயார்க் நாடகத் தயாரிப்பாளர் லாஸ்கர் அவளைப் பார்க்க வருவதாக இருந்தது. அகஸ்டா போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவரோ, ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று, எப்படியும் வருகிறேன், யார் நல்லா ஆடினாலும் குளிர்கால நாடகத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்றுவிட்டார்.

அகஸ்டா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அடியே தெல்மா, இன்னிக்கு நீதான். மூணாவது அங்கத்துல ரெண்டு பக்கம் வசனம் இருக்கே, அதை அரக்கப் பரக்கக் கொட்டிடாதே. நிறுத்தி நிதானமா சொல்லு."

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தட்டு ஏந்துகிற நாற்பத்தாறு வயதுக்காரியைத் தேடி நியூயார்க் இன்னொரு தடவை ரயில் ஏறுமா? இது போனால் போனதுதான். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

நாடகத்தில் என் கணவனாக, அதாவது கேப்டன் ஆபேலாக, லியாண்டர் புரூயிட். எழுபத்தொரு வயது, தங்கமான மனிதர். போன வாரத்துக் கோமாளி நாடகத்தில் அவர் கர்னல், நான் அவர் வீட்டு வேலைக்காரி பெட்ஸி. திரைக்குப் பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"லியாண்டர், உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். இன்னிக்கு மட்டும் எதையும் கோட்டை விட்டுடாதீங்க."

"யாரு, நானா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மேடை ஏறினவன்மா நான். முதல்ல உன் கவுனைப் பாரு, பின்னாடி ரெண்டு கொக்கி பப்பரப்பேன்னு தெறந்து கெடக்கு."

அவரே கொக்கியை மாட்டியும் விட்டார். முதல் இரண்டு அங்கம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் நன்றாக ஆடினேன், இதில் என்ன அடக்கம்? நான்காம் வரிசையில் இருந்த லாஸ்கர் பாதியில் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாம் அங்கம். கேப்டனின் தம்பி எழுதிய கடிதங்களைப் பத்து வருடமாக மறைத்து எரித்தவள் நான்தான் என்று கணவனிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். கேப்டன் ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. அந்த நாற்காலி மருந்துக்கடைக்காரர் மனைவி இரவல் கொடுத்தது. போன வாரமும் கர்னலுக்கு அதேதான், உறையை மட்டும் மாற்றியிருந்தோம். பக்கத்து மேசைமேல் கர்னலின் சின்னப் பித்தளை மணி. சாமான் எடுத்து வைக்கிற மகராசி அன்றைக்குப் பார்த்து, பழைய பழக்கத்தில் அதையும் எடுத்து வைத்திருந்தாள்.

நான் ஜன்னலோரமாக நின்று திரும்பினேன். மூச்சை இழுத்து, "ஆபேல், அந்தக் கடிதங்கள்..." என்றேன்.

லியாண்டர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். மணியைப் பார்த்தார். எடுத்து அடித்தே விட்டார்.

"பெட்ஸி! என் முட்டை எங்கே?"

ஊர்க்காரர்களுக்கு உடனே புரிந்துபோயிற்று, போன வாரமும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்தானே. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எங்களுக்கு நாற்காலி கொடுத்த கைகள், அவ்வளவு சுலபத்தில் எங்களைக் காட்டிக்கொடுத்துவிடாது. லாஸ்கர் முன்னால் சாய்ந்தார்.

நான் வசனத்தைத் தொடர்ந்திருக்கலாம். மனிதர் கத்தட்டும், கேப்டனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும், நான் பாட்டுக்கு என் இரண்டு பக்கத்தையும் சொல்லி முடித்திருக்கலாம். வாயைத் திறந்தும் விட்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன். தப்புச் செய்துவிட்டோம் என்ற பதற்றம் துளிகூட இல்லை. சொந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார். மேலே பேசினால் அவர் திடுக்கிட்டு விழிப்பார், இத்தனை பேர் முன்னால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தவிப்பார். பாவி மனுஷா, இன்றைக்குத்தானா உனக்கு!

"இதோ கொண்டு வரேன், கர்னல்" என்றேன்.

முட்டைக்கு எங்கே போவேன்? அலமாரியிலிருந்து வெறும் கோப்பையும் ஒரு கரண்டியும் எடுத்துவந்து மண்டியிட்டு நீட்டினேன். அவர் இல்லாத முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டி உடைத்தார்.

"உப்பு?"

"போட்டாச்சுங்க."

கேப்டன் உடுப்பில் உட்கார்ந்து ஒன்றுமில்லாததை ரசித்துச் சாப்பிட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பார்த்தவர்கள் அதை மனைவியின் துயரம் என்று நினைத்திருப்பார்கள். சத்தியமாக ஆத்திரம். என் இரண்டு பக்கமும் தொண்டைக்குள்ளேயே கிடந்தன. அவர் வாயைத் துடைத்துவிட்டு, சால்வையைப் போர்த்தி, "தூங்குங்க" என்று சொல்லி, திரை இழுப்பவனுக்குக் கையைக் காட்டினேன். கைதட்டலில் பலகைச் சுவர் அதிர்ந்தது.

லாஸ்கர் மேடைக்குப் பின்னால் ஓடிவந்தார், என்னைத் தாண்டிக்கொண்டு.

"புரூயிட் சார்! மனசு உடையற நேரத்துல புத்தி பேதலிக்கிறதை இப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. அந்த வெறும் கோப்பை! யப்பா!" அவர் கையில் தன் முகவரி அட்டையைத் திணித்தார். "திங்கட்கிழமை போன் பண்ணுங்க. குளிர்கால நாடகத்துல நீங்க இருக்கீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் குறுக்கே பேசாம இருந்தீங்க பாருங்க, அது நல்லா இருந்துது" என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

நான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன். திட்டும் நேரம் வந்துவிட்டது. என்னென்ன சொல்லித் திட்டுவது என்று வரிசையாக வைத்திருந்தேன். லியாண்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"தெல்மா, இன்னிக்கு அந்தப் பெரிய வசனத்தைச் சொன்னே பாரு, ஒரு வரி விடாம... நான் அப்படியே ஒறஞ்சு போயிட்டேன்மா. இருபது வருஷமா உன்னைக் கதவு தெறக்க வச்சாங்களே, பாவிங்க." அட்டையை என் மடியில் வைத்தார். "இந்தா. அந்த ஆள் அவசரத்துல என் கையில குடுத்துட்டுப் போயிட்டான். உனக்குத்தான் இருக்கும்."

அட்டையை எடுத்து அவர் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.

"உங்களுக்குத்தான் லியாண்டர்."

"எனக்கா?" என்று சிரித்தார். "நான் என்னம்மா பண்ணேன்? சும்மா உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."