மெரூன் ஜாக்கெட் ஆல்பம்

ஷைனியின் செல்போன் அன்று காலையில் பதினேழாவது முறையாக அலறியது. அவள் எடுக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் ஆபிதாவின் தையல் மெஷின்மீது வைத்தாள்.

"நீங்களே பேசுங்கக்கா."

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஆபிதா லேடீஸ் டெய்லர்ஸ் தொடங்கி நான்கு வருடம். சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள்தான் முக்கால்வாசி வாடிக்கை. ஷைனியும் அவர்களில் ஒருத்தி. அடுத்த திங்கட்கிழமை அவளுக்குக் கல்யாணம்.

ஆபிதா பச்சைப் பட்டனை அழுத்தினாள்.

"ஹலோ... மெரூன் ஜாக்கெட் ஷைனியா?"

ஆண் குரல். பின்னால் நாலைந்து பேரின் சிரிப்பு. சட்டென்று கட் செய்தாள்.

"நேத்து இதே கேள்வி ஸ்டீபன் காதுல உழுந்துச்சு" என்றாள் ஷைனி. "பஸ் ஸ்டாண்டுல பேசிக்கினு இருந்தோம். போன் அடிச்சுது, அவரே எடுத்துட்டாரு. 'கட்டிக்கப் போற எனக்கே கல்யாண ஜாக்கெட் கலர் தெரியாது, எவனோ ஒருத்தனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?'ன்றாரு. இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். இல்லன்னா கல்யாணம் வேணாமாம்."

"உன் தோழிங்க யாராச்சும்..."

"அந்தக் கலர் எனக்கும் எங்கம்மாவுக்கும் உங்களுக்கும்தான் தெரியும். எங்கம்மாவுக்குப் போன்ல பேசவே வராது."

ஆபிதாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அடுத்த நொடி அது நினைவுக்கு வந்தது.

ஆல்பம்!

அடுத்த தெருவில் வரதனின் பிரவுசிங் சென்டர். இரண்டு வாரத்துக்கு முன்னால், கடைக்கு விளம்பரம் வேண்டும் என்று அவள் கேட்டது அவரிடம்தான். "இருக்கற நம்பருக்கெல்லாம் மெசேஜ் அனுப்பினா போதுமாண்ணா?" என்று கேட்டிருந்தாள். "மெசேஜா? இன்னாம்மா நீ, இது இரண்டாயிரத்தெட்டு! ஊரே ஆர்குட்ல இருக்குது" என்று சிரித்தார். டிஜிட்டல் கேமராவோடு கடைக்கே வந்து, ஹேங்கரில் தொங்கிய ஜாக்கெட்டுகளைப் படம் பிடித்துப் போய், ஆர்குட் என்ற அந்த நட்பு வலைத்தளத்தில் தான் நடத்தும் கம்யூனிட்டிக் குழுவில் ஆல்பமாகப் போட்டார். பெண்கள் யாரும் படத்தில் வரக்கூடாது என்று ஆபிதா கறாராகச் சொல்லியிருந்தாள். வரவும் இல்லை.

இப்போது இரண்டு பெண்களும் வேகமாக உள்ளே நுழைந்ததும் வரதன் எழுந்து நின்றார். விஷயத்தைக் கேட்டு கம்ப்யூட்டரில் ஆர்குட்டைத் திறந்தார். மெதுவான நெட்டில் படம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது.

மெரூன் பட்டு. தங்க ஜரிகை. கழுத்துப் பட்டியில் குண்டூசியால் குத்திய துண்டுச்சீட்டு.

தையல் பெண்கள் துணியை மாற்றிவிடக்கூடாதென்று ஆபிதா ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் குத்துகிற சீட்டு அது. ஸ்கெட்ச் பேனாவில் பெரிய பெரிய எழுத்து. ஷைனி. கல்யாண ஜாக்கெட். கீழே பத்து இலக்க செல் நம்பர்.

தினமும் பார்க்கிற சீட்டு. அதனாலேயே அது அவள் கண்ணில் படவில்லை.

"மொத்தம் எத்தினி போட்டோண்ணா?"

"இருபத்தி மூணு."

"இந்தக் கம்யூனிட்டில எவ்ளோ பேரு?"

"நூத்தி நாப்பது. பெரும்பாலும் சிப்காட் ஹாஸ்டல் பசங்க."

"பொம்பளைங்க?"

வரதன் தலையைச் சொறிந்தார். "மூணு. அதுல ஒண்ணு, என் சம்சாரம் பேர்ல நானே ஆரம்பிச்சது."

"ஆம்பளைங்களுக்கு ஜாக்கெட் தைக்கவா நான் கடை போட்டேன்?"

"ஒண்ணும் பேஜார் ஆவாதம்மா. ஒரே அமுக்கு, ஆல்பம் காலி. யாருகிட்டயும் மூச்சு உடாத. விஷயம் வெளிய வந்தா உன் கடைக்கு ஒருத்தியும் வரமாட்டா."

அவர் கை மவுஸை நெருங்கியது. ஷைனி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அழிச்சுட்டா ஸ்டீபன்கிட்ட நான் எதைக் காட்டறது?"

இருபத்து மூன்று பெண்கள். அழிக்காத ஒவ்வொரு நிமிடமும் எவனோ நம்பரை எழுதிக்கொண்டிருக்கலாம். அழித்துவிட்டால் கடை பிழைக்கும். ஷைனி?

ஆபிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுங்க. எடுத்துட்டு எல்லாத்தையும் அழிங்க."

"யோசிச்சுக்கோம்மா..."

"எடுங்கண்ணா!"

எளாவூரில் ஸ்டீபன் வீடு. இருவரும் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். வாசலில் ஸ்டீபனும் அவன் அம்மா மணியம்மாளும் நின்றிருந்தார்கள். ஆபிதா தாளை நீட்டி நடந்ததைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

"தப்பு என்னுது தம்பி. இவளுக்கு இன்னிக்குக் காலைல வரைக்கும் ஒண்ணுமே தெரியாது."

ஸ்டீபன் தாளையே வெகுநேரம் பார்த்தான். அதிலிருந்த நம்பரை விரலால் தடவினான். பிறகு ஷைனியைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தான். "உள்ள வா" என்றான், மெல்ல.

ஷைனி நகரவில்லை. "நேத்து நான் எவ்ளோ சொன்னேன். ஒரு வார்த்தை நம்பினியா?"

அவன் ஒதுங்கி வழிவிட்டான். அவனைப் பார்க்காமலேயே அவள் படியேறினாள்; அவனும் பின்னாலேயே போனான்.

வாசலில் மணியம்மாள் மட்டும் நின்றாள். "ஏம்மா, கல்யாணத்துக்கு என் ஜாக்கெட்டும் உன்கிட்டதானே குடுத்திருக்கேன்?"

"ஆமாம்மா. பச்சைக் கலர். உங்க சீட்டும்... அதுல இருந்துச்சு."

மணியம்மாளின் முகம் மாறியது. "நாளைக்குக் காலைல துணி என் ஊட்டுக்கு வந்து சேரணும். தைச்ச வரைக்கும் போதும்." கதவு சாத்தப்பட்டது.

ஆபிதா தெருவுக்கு வந்தாள். நெடுஞ்சாலையில் லாரிகள் இரைந்தன. பைக்குள்ளிருந்து வாடிக்கையாளர் நோட்டை எடுத்தாள். இரண்டு பேருக்குத் தெரிந்துவிட்டது. மீதி இருபத்தோரு பேர். எவனாவது அவர்களுக்கும் போன் போட்டுச் சிரிப்பதற்கு முன்னால் அவர்கள் இதை அவள் வாயால் கேட்க வேண்டும்.

சாலையோரப் புளியமரத்தடியில் நின்று, முதல் நம்பரை அழுத்தினாள்.

"ஹலோ, கிரேஸ்ங்களா? நான் டெய்லர் ஆபிதா பேசறேன். ஒரு தப்பு நடந்துபோச்சு..."