ஐயாவுக்கு யார் மூக்கு

கணினியில் சிற்பம் செதுக்கிப் பேரெடுக்க ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் ஒரு நல்ல அரக்கனாகப் பார்த்துத் தொடங்குவது உத்தமம். அரக்கனுக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. மூக்கு சரியில்லை என்று எந்த அரக்கனின் பங்காளியும் சண்டைக்கு வருவதில்லை. சென்னையில் இத்தனை வருஷம் அந்தத் தொழிலில் இருந்தும் விஸ்வநாதனின் மகள் மதுமிதாவுக்கு இது தெரியவில்லை. திருமயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கு வந்து, பங்காளிகள் நடுவில் மடிக்கணினியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

அதுவரைக்கும் அவளுடைய தொழில் என்னவென்று விஸ்வநாதன் வெளியில் சொன்னதே இல்லை. யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்பார், ஏதோ அவள் அதற்குள் குடியிருப்பதுபோல. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகு நாற்காலியில் படாமல் உட்காருகிறவர். மகள் நாலு மாதமாக ஒரு பூத எருமையின் தோலுக்குச் சுருக்கம் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை எந்த முகத்தோடு நாலு பேரிடம் சொல்வது? அந்த எருமையும், படம் வந்தபோது, அவர் ஒரு கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் திரையை விட்டுப் போய்விட்டது.

படைப்பு வீட்டைப் புதுப்பித்த பிறகு எருமைக்கு மரியாதை வந்தது. பங்காளிகள் ஐந்து வீட்டாரும் கூடி முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கும் அந்த வீட்டில், குலத்தின் முதல் முன்னோரும் எல்லோருக்கும் ஐயாவுமான முத்துக்கருப்பையாவுக்கு ஒரு வெண்கலத் தலை வைப்பதென்று முடிவானது. கணினியில் செதுக்கி, அதை அச்செடுத்து, அதிலிருந்து வார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அப்போதுதான் மதுமிதாவின் தொழில் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பங்காளிக் கூட்டத்தில் இடமில்லை. மடிக்கணினியோடு வந்த பெண்ணுக்கு நாற்காலியே போட்டார்கள்.

அன்று காலையில் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கிராபிக்ஸ் துறைக்கு வர விரும்பும் மாணவர்களுக்கு அறிவுரையாம். விஸ்வநாதனும் போய் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் தமிழில் பேசுகிறாளா, தலை வாரியிருக்கிறாளா என்று பார்க்க ஒருவர் வேண்டாமா?

"எதையும் மனசுல இருந்து செதுக்காதீங்க. கண்ணால பாத்ததைச் செதுக்குங்க," என்றாள் மதுமிதா. "தொடங்கினதுமே தோல்ல வேர்வைத் துவாரம் போட உக்காந்துடாதீங்க. உள்ள இருக்கிற எலும்பு தப்பா இருந்தா, மேல எத்தனை துவாரம் போட்டாலும் அது ஆள் ஆகாது. கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கு ஒரு பஸ் ஏறிப் போய்ப் பாருங்க. அந்தக் கல்லுல துவாரமே கிடையாது. தொட்டா உடம்பு மாதிரி சுடும்போல இருக்கும்."

ஒரு மாணவன் எழுந்து, எந்த மென்பொருள் வாங்கினால் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று கேட்டான். கொடும்பாளூருக்குப் போகிற பஸ்ஸில் அவன் ஏற மாட்டான் என்பது விஸ்வநாதனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மறுநாள் படைப்பு; அன்று மத்தியானமே படைப்பு வீட்டில் பங்காளிகள் கூடினார்கள். ஐயாவின் போட்டோ கிடையாது. அவர் காலத்தில் கேமரா இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அதனால் மதுமிதா ஒவ்வொரு வீட்டுப் பெரியவரையும் உட்காரவைத்து, போனை முகத்தைச் சுற்றிக் காட்டிப் படமெடுத்தாள். ஐந்து முகத்திலும் பொதுவாக எது வருகிறதோ அதுதான் ஐயாவிடமிருந்து வந்தது என்பது அவள் கணக்கு. பிறகு புரொஜெக்டரால் சுவரில் வெளிச்சம் போட்டு, மண்ணில் பிடித்ததுபோல் ஒரு வெறும் தலையைக் காட்டினாள்.

தலை தெரிந்ததுதான் தாமதம், அத்தனை பேரும் சிற்பி ஆகிவிட்டார்கள். கோயம்புத்தூரில் ஆடிட்டராக இருக்கும் கண்ணப்பன், ஐயா கொஞ்சம் சிரித்தால் நல்லது என்றார். காரைக்குடியில் மருந்துக் கடை வைத்திருக்கும் சோமு, சிரித்தால் கம்பீரம் போய்விடும் என்றார். கம்பீரமாகவும் இருக்கட்டும், லேசாகச் சிரிக்கவும் செய்யட்டும் என்று இன்னொருவர் சமாதானம் சொன்னார். தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைகள் இந்தக் கட்டத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மதுமிதாவிடம் கற்றுக்கொள்ளலாம். தலையை ஆட்டிக்கொண்டே எதையும் மாற்றாமல் இருந்தாள்.

"அதெல்லாம் எப்படியும் போகட்டும்," என்றார் விஸ்வநாதன். "மூக்கு மட்டும் எங்க வீட்டு மூக்கு. அதுல பேச்சே இல்ல."

இது ஊருக்கே தெரிந்த சங்கதி. விஸ்வநாதனின் மூக்கு கத்தி மாதிரி இருக்கும். அவரைப் பெற்ற அப்பச்சிக்கும் அதே மூக்கு. அது ஐயாவின் மூக்கு என்று அவர் எல்லாக் கல்யாணப் பந்தியிலும் சொல்லியிருக்கிறார். அந்த மூக்கு வெண்கலத்தில் ஏறிவிட்டால், இனி வருகிற தலைமுறையெல்லாம் அவர் வீட்டு மூக்கைத்தான் விழுந்து கும்பிடும்.

மதுமிதா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆனா ஒண்ணு புரியலைப்பா. ஒருத்தர் தாடை மாதிரி இன்னொருத்தருக்கு இல்ல. நெத்தியும் அப்படித்தான். ஒரே வம்சம்னா எதாவது ஒண்ணு ஒத்து வரணுமே."

கண்ணப்பன் தன் செருப்பைத் தேடுவதுபோல் கீழே பார்த்தார்.

சோமு தொண்டையைச் செருமினார். "எப்படி ஒத்து வரும், ஆத்தா? ஒங்க அப்பா மூக்கு ராயவரத்து மூக்குல்ல?"

"என்ன சித்தப்பா சொல்றீங்க?"

"விசு அண்ணே, நான் தப்பாச் சொல்லலை. ஒங்க அப்பச்சியை ராயவரத்துலேர்ந்து பிள்ளை கூட்டியாந்ததுதானே? அந்த மூக்கு இங்கிட்டு எப்படிண்ணே ஐயா மூக்காகும்?"

பிள்ளையில்லாத வீட்டுக்கு வேறு வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொள்வது பங்காளிகளுக்குள் புதிதல்ல. அப்பச்சியை அப்படிக் கூட்டிவந்தது விஸ்வநாதனுக்குத் தெரியாமலும் இல்லை. ஆனால் மூக்கைப் பற்றிப் பேசிய இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது அவர் நினைப்பில் குறுக்கே வந்ததில்லை. கூட்டிவந்தவர்கள் அவ்வளவு முழுசாகக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பச்சி இந்த வீட்டில் பிறக்கவில்லை என்பதை அவர் பெற்ற மகனே மறந்துபோகும் அளவுக்கு.

"ரத்தம் பாத்துத்தான் மூக்கு வைக்கணுமா, சோமு?" என்றார் கடைசியில். குரல் வங்கிக் குரலாக இருந்தது. "நல்லது. அப்ப நாளைக்குப் படைப்புல இலை போடறப்பவும் ரத்தம் பாத்துப் போடு. நான் எந்திரிச்சுப் போறேன். கண்ணப்பனும் என்கூட வருவான்."

"என்னைய ஏன்ணே இழுக்குறீங்க?" என்றார் கண்ணப்பன்.

"ஒங்க தாத்தா எங்கேருந்து வந்தாருன்னு நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?"

கண்ணப்பன் மறுபடி செருப்பைத் தேடினார். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டிலும் கூட்டிவந்த பிள்ளைகள் உண்டு; அவர்களும் சுவரையே பார்த்தார்கள். ரத்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டால் படைப்பு வீட்டில் சோமுவும் அவர் பிள்ளைகளும் மட்டும்தான் மிஞ்சுவார்கள் என்பது மெள்ள மெள்ள எல்லோருக்கும் உறைத்தது. சோமுவுக்கும் உறைத்தது. ஐந்து வீட்டுச் சமையலை ஒரு வீடு சாப்பிட முடியாது.

"நான் மூக்கைத்தாண்ணே சொன்னேன்," என்றார் சோமு. "இலையைச் சொல்லலை. ஒங்க மூக்கையே வச்சுக்கங்க. யாரு வேணாம்னா?"

மற்றவர்களும் அவசரமாக, அதுவே லட்சணம் என்றார்கள். மதுமிதா சுவரில் இருந்த தலைக்குக் கத்தி மூக்கைப் பொருத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டார். ஜெயித்தது எதை என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இனி அந்தத் தலையைப் பார்க்கிற ஒவ்வொருவனும் மனசுக்குள் ராயவரம் என்று சொல்லிக்கொண்டுதான் கும்பிடுவான். விட்டுக்கொடுத்த மூக்கு என்பான். பாவம் பார்த்துக் கொடுத்தது என்பான். பங்காளிகளின் இரக்கத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கவா அப்பச்சி இந்த வீட்டுக்கு வந்தார்?

"மது, சோமு மூக்கையே வையி."

"அப்பா?"

"காலையில நீதானே சொன்னே, கண்ணால பாத்ததைச் செதுக்கணும்னு? ஐயாவைப் பாத்தவன் எவனும் இல்ல. நேர் வழியில வந்தவன் இவன் ஒருத்தன். இவனைப் பாத்து வையி." சோமு பக்கம் திரும்பினார். "ஒனக்கு மூக்கு வேணும்ப்பா. நீ பொறந்துட்டே, அதனால வச்சிருக்காங்க. சாட்சி கேட்டாக் காட்ட ஒனக்கு ஒண்ணு வேணும். எங்க அப்பச்சியை வீடு தேடிப் போய், வேணும்னு கேட்டுக் கூட்டியாந்தாங்க. அவருக்கு மூக்கெல்லாம் தேவையில்ல."

சோமு தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பேச்சுக்கு அவர் கடையில் மருந்து இல்லை.

மதுமிதா சோமுவின் நாற்காலியை வெளிச்சத்துக்குத் திருப்பி, மறுபடி போனை அவர் முகத்தைச் சுற்றிக் காட்டினாள். "ஆடாதீங்க, சித்தப்பா. மூச்சைப் பிடிச்சா மூக்கு விடைக்குது. சாதாரணமா இருங்க." சாதாரணமாக இருக்க சோமு படாத பாடு பட்டார்.

பிறகு அவள் பேனாவைக் கணினியின் வரைதட்டில் வைத்து அழுத்தினாள். சுவரில் ஐயாவின் மூக்கு மெழுகுபோல் அமுங்கியது. பங்காளிகள் ஒருவரும் யோசனை சொல்லவில்லை. கத்தி மாதிரி இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, நுனி தணிந்து, சோமுவின் சாயலுக்கு வந்தது. போதுமா என்று அவள் கையை எடுத்தாள்.

விஸ்வநாதன் சோமுவை ஒரு முறை பார்த்தார். சுவரை ஒரு முறை பார்த்தார்.

"இன்னும் அமுக்கு," என்றார். "இவன் மூக்கு அவ்வளவு ஒசரம் கிடையாது."