முதல் ஸ்பெல், இரண்டாம் ஸ்பெல்

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. கிருபா அண்ணையின் தெப்பனரில், அந்தச் சின்ன மூலைக்கடையில், பால் அலுமாரிக்கு முன்னால் நின்று சண்டை பிடித்தோம். நான் ஸ்டார்ட்டரா, ரிலீவரா என்பதுதான் சண்டை.

பேஸ்போலில் முதல் பந்திலிருந்து எறிபவன் ஸ்டார்ட்டர். அவன் களைத்த பிறகு வந்து மிச்சத்தை எறிபவன் ரிலீவர். எங்கள் அணியில் எல்லோரும் கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்கள். கப்டன் கிருபா அண்ணை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

நான் லொங்குய்யில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவன். என் எறிதல் கணக்கையும் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்.

"தொடக்கத்திலை எறிஞ்சால் ஒரு இன்னிங்ஸுக்கு ஒரு ஓட்டம் குடுக்கிறன். கடைசியிலை வந்தால் அரை ஓட்டம். அப்ப நான் ரிலீவராய்த்தான் திறம்."

"கடைசியிலை வந்தால் எத்தினை இன்னிங்ஸ் எறிவாய்?" என்று கேட்டார் கிருபா அண்ணை.

"ஒண்டு."

"தொடக்கத்திலை?"

"ஐஞ்சு."

பால் எடுக்க வந்த வினோஜா சிரித்தாள். எங்கள் கட்சர் அவள்தான். நான் எறிவதைப் பிடிப்பவள். "ஐஞ்சு நாள் சமைக்கிற மனிசனை விட்டிட்டு, ஒரு நாள் பாயாசம் வைக்கிறவனைக் கட்டச் சொல்லுறான், அண்ணை."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் மனைவி றொஷினி இறந்து இரண்டு வருடம். என் முன்னால் யாரும் கலியாணப் பேச்சு எடுப்பதில்லை.

"பாயாசத்திலை கஜு போட்டால் யோசிக்கலாம்," என்றேன்.

கிருபா அண்ணை சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு தீர்ப்புச் சொன்னார். "நீ ஸ்டார்ட்டர்."

நான் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அது மாமி. றொஷினியின் அம்மா இந்திராதேவி. பியர்பொன்ட்ஸில் இருக்கிறார். முந்தி ஒவ்வொரு ஆட்டமும் முடிய றொஷினி அவருக்குப் போன் எடுத்து, நான் எறிந்ததைப் பந்து பந்தாகச் சொல்லுவாள். இப்போது சொல்ல ஆள் இல்லை. "ஒருக்கா என்ரை கண்ணாலை பார்க்கவேணும்," என்றார் மாமி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மத்தியானப் பூசை முடியாமல் வெளிக்கிடமாட்டார். பஸ், பிறகு மெட்ரோ. ஜாரி பூங்காவுக்கு வந்து சேரும்போது ஐந்தாவது இன்னிங்ஸ். போன வருடம் நான் ஸ்டார்ட்டர். அவர் வருமுன் எறிந்து முடித்துவிடுவேன். இந்த வருடம் ரிலீவர். அவர் வந்த நாளெல்லாம் என்னைக் கூப்பிடத் தேவை வரவில்லை. ஒரு பந்தும் அவர் பார்த்ததில்லை. இதுதான் கடைசி ஆட்டம்.

ஞாயிறு, நான் தொடங்கினேன். மூன்று இன்னிங்ஸில் ஒரு ஓட்டம். நான்காவதில் என் பந்து அவர்களுக்குப் பழகிவிட்டது. இரண்டு ஓட்டம் போனது. கிருபா அண்ணை நடுவுக்கு வந்தார்.

"முதல் ஸ்பெல் முடிஞ்சுது. எல்லைக்குப் போய் நில். பேந்து கூப்பிடுறன்." கிரிக்கெட்டில் ஒருவர் தொடர்ந்து எறியும் சுற்றுக்கு ஸ்பெல் என்று பெயர்; ஓய்ந்து வந்து இன்னொன்று எறியலாம்.

வலது எல்லையில் நின்ற ரதீசனை எறியக் கூப்பிட்டு, என்னை அவனுடைய இடத்துக்கு அனுப்பினார்.

வினோஜா முகமூடியைத் தூக்கினாள். "அண்ணை, இது கிரிக்கெட் இல்லை. எடுத்த ஆளைப் பேந்து போடேலாது."

"ஆரடி எடுத்தது? நிக்கப்போறான்தானே."

எங்கள் கூத்தைப் பார்த்து எதிரணி பெஞ்சில் சிரித்தார்கள்.

ஐந்தாவது இன்னிங்ஸில் எனக்குப் பின்னால் வேலிப் பக்கம் விபூதி மணந்தது.

"தம்பி, நீ ஏன் இங்கை நிக்கிறாய்?"

"எறிஞ்சு முடிச்சிட்டன், மாமி."

"இண்டைக்குமோ?" கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வேலிக்கு மேலால் ஒரு மரக்கறி ரோல் நீட்டினார். "சரி, சாப்பிடு."

"ஆட்டம் நடக்குது, மாமி."

"நீ சும்மாதானே நிக்கிறாய்."

வாங்கினேன். அந்த நேரம் பார்த்துப் பந்து என் பக்கம் உயர வந்தது. ஒரு கையில் ரோல், மறு கையின் உறையில் பந்து. இரண்டும் விழவில்லை. எதிரணியும் கைதட்டியது.

ஏழாவது, கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஆறு, அவர்கள் ஐந்து. ரதீசன் முதல் இரண்டு பேருக்கும் பந்தை விலக்கி விலக்கி எறிந்து, அவர்களை அடிக்காமலே தளத்துக்கு நடக்க விட்டான். கிருபா அண்ணை கையைக் குவித்துக் கத்தினார்.

"லக்ஷன்! ரெண்டாவது ஸ்பெல்!"

எதிரணிப் பயிற்சியாளர் ஓடி வந்தார். விலக்கிய ஆள் திரும்ப எறிய முடியாது என்று பிரெஞ்சில் கத்தினார். நடுவர் அக்னெஸ் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். ஒருவரும் செய்யாத வேலை. அதனால் ஒருவருக்கும் விதி நினைவில்லை.

"இவர் ஆட்டத்தை விட்டு வெளியே போனாரா?" என்று கேட்டார்.

"இல்லை, மதாம். மாத்திப்போட எங்களிட்டை வேறை ஆளும் இல்லை," என்றார் கிருபா அண்ணை.

அக்னெஸ் சிரித்தபடி புத்தகத்தை மூடினார். "வெளியே போகவில்லை, இடம் மாறினார். எறியலாம்."

எதிரணியைவிடக் கிருபா அண்ணைதான் அதிகம் திகைத்தார்.

எறியும் மேட்டில் ஏறி நின்று பார்த்தேன். மாமி பெட்டியும் கையுமாக வேலியோரம் விரைந்து வந்துகொண்டிருந்தார். நான் குனிந்து சப்பாத்து நூலை அவிழ்த்தேன். வினோஜா வந்தாள்.

"என்ன, கால் நோகுதோ?"

"மாமி வந்து சேரட்டும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். போய்த் தன் முழங்கால் கவசத்தை அவிழ்த்து, ஆறுதலாகக் கட்டத் தொடங்கினாள்.

முதல் ஆள் மூன்று தரம் வீசி மூன்று தரமும் தவறவிட்டு அவுட்டானார். இரண்டாவது ஆள் அடித்தது நேரே மேலே போனது, வினோஜா பிடித்தாள். மூன்றாவது ஆளின் பந்து தரையில் உருண்டு என்னிடமே வந்தது. அவர் ஓடிச் சேருமுன் முதல் தளத்துக்கு எறிந்தேன். முடிந்தது. யார் யாரோ என் மேல் விழுந்தார்கள். கீழே கிடந்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்த முடியவில்லை.

மாமி வந்து நின்றார். "றொஷினி முழுக்கச் சொல்லேல்லை."

"என்னத்தை?"

"எறியேக்கை நாக்கை வெளியாலை நீட்டுறாய்."

"கணக்கன், இப்ப சொல்லு. நீ ஸ்டார்ட்டரோ, ரிலீவரோ?" என்றார் கிருபா அண்ணை, வாயில் ரோலுடன்.

மாமியைக் காரில் ஏற்றினேன். பியர்பொன்ட்ஸ் வரைக்கும், நான் அங்கே இல்லாதவன் போல, அந்தக் கடைசி இன்னிங்ஸை எனக்குப் பந்து பந்தாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் எறிந்தது பதினொரு பந்து. அவர் சொன்னதில் பதின்மூன்று வந்தது. நான் திருத்தவில்லை.