இருபத்து நான்கு அடிச் சுவர்

கன்னியர் மடத்தை ஒட்டிய நோயாளர் விடுதியின் சுவர் வெளியே இருபத்து நான்கு அடி. உள்ளே அதே சுவர் எண்பது அடிக்கும் மேல். தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. பக்கத்து அச்சகக்காரர் மட்டும் தன் சுவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

எல்லோரும் போர்வை சிஸ்டர் என்று அழைத்த கன்னியாஸ்திரி இருபத்தேழு வயதில் அங்கே வந்தபோது பன்னிரண்டு கட்டில்கள்தான் இருந்தன. வந்த முதல் குளிரில் ஒரு சுமைகூலிக்காரர் வாசலில் சுருண்டு விழுந்தார். பன்னிரண்டும் நிரம்பியிருந்ததை மறந்து, வெறும் தரைக்கு மேல் சிஸ்டர் விரிப்பை உதறினார். விரிப்பு இறங்கியபோது அதன் கீழே கட்டில் இருந்தது. சுவர் சற்றுத் தள்ளிப் போயிருந்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. முதலில் விரிப்பு, பிறகு கேள்வி. இடம் இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பதில்லை, கட்டில்களை எண்ணுவதில்லை. அழுக்குத் துணிகூட எண்ணாமல் மூட்டையாகவே சலவைக்குப் போயிற்று. பத்தொன்பது ஆண்டுகள் இப்படியே ஓடின.

பிறகு நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டு கட்டிலுக்குத்தான் அனுமதி. ஒன்று கூடியிருந்தாலும் அன்றே பூட்டு. உள்ளே படுத்திருந்தவர்கள் எல்லோரும் போக்கிடம் இல்லாதவர்கள். பொய் சொல்வது சிஸ்டருக்கு வராத காரியம். மூன்று நாட்கள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இடத்தை அளக்க நகராட்சி அளவையர் வரவிருந்த காலையில், சமையல் பார்க்கும் சிஸ்டர் பயத்தில் ஒரு தப்பு செய்துவிட்டார்.

"எண்ணிப் பாத்துட்டேன் சிஸ்டர். நாப்பத்தொண்ணு இருக்கு."

"உங்கள யாரு எண்ணச் சொன்னது?"

அதற்குள் சுவர் உள்நோக்கி நகரத் தொடங்கியிருந்தது, விரல் விரலாக. இரும்புக் கட்டில்கள் ஒன்றோடொன்று உரசின. கடைசிக் கட்டிலில் இருந்த தையல்காரர் காலை மடக்கிக்கொண்டார். "பத்து வருஷமா என்னப் பாக்க யாரும் வரல. இன்னைக்கு சுவரு வருது," என்றார்.

வெளியே அளந்து முடித்த அளவையர் நாடாவோடு உள்ளே வந்தார். அவர் எண்ணை உரக்கச் சொல்லச் சொல்ல சுவர் வேகம் பிடித்தது. "எழுபது... இருங்க, அறுபத்தஞ்சா? இப்பத்தான எழுபதுன்னேன்?" அவருக்கு வியர்த்தது. அவர் அளந்து முடித்தால் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம் மிஞ்சும் என்பது சிஸ்டருக்குப் புரிந்தது.

அப்போதுதான் ஒரு பெண் தன் அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"இடம் இருக்குமாம்மா?"

பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாக சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். இடம் இல்லை. ஒரு கட்டில் கூடினால் அதை எழுதிக்கொள்ள அளவையர் பென்சிலோடு நின்றார். ஆனாலும் கை பழக்கத்தில் விரிப்பை எடுத்துவிட்டது. உதறினார். இந்த முறை அது விரியவில்லை. சுருண்டு காலடியில் விழுந்தது. முதுகில் இருந்த கிழவி இருமினாள்.

"அந்த முனையப் பிடிங்க தம்பி," என்றார் சிஸ்டர்.

ஒருவர் விரிப்பை நீட்டினால் மறுமுனையைப் பிடிக்காதவர் யார்? அளவையர் நாடாவைக் கீழே போட்டுவிட்டுப் பிடித்தார். இருவரும் உதறினார்கள். விரிப்பு இறங்கியது, கீழே கட்டில் இருந்தது. சுவர் பின்வாங்கிப் பழைய இடத்துக்கும் ஒரு கட்டில் தள்ளிப் போய் நின்றது. தையல்காரர் காலை நீட்டிக்கொண்டார்.

அளவையர் குனிந்து நாடாவை எடுத்தார்.

"இத நான் எப்படி எழுதறது?"

"பாத்தத எழுதுங்க."

"பாத்தத எழுதினா என்னையும் இங்கதான் கொண்டுவந்து போடுவாங்க."

வெளியே போய் மறுபடி அளந்தார். சுவர் இருபத்து நான்கு அடி, இதில் பன்னிரண்டு கட்டிலுக்கு மேல் போட இயலாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

சிஸ்டர் இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தார். விடுமுறை நாட்களில் அளவையர் மறுமுனையைப் பிடிக்க வந்தார். சிஸ்டர் இறந்த பிறகும் வந்தார். இன்று அங்கே எத்தனை கட்டில்கள் என்று எழுத வழியில்லை, யாரும் எண்ணுவதில்லை. சலவைக்காரர் மட்டும் இன்னும் பெரிய வண்டி வாங்கிக்கொண்டார்.