வடிகட்டிக்கு எத்தனை ஆண்டு

பிரஸ்ஸல்ஸில், ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் நடைவழியில் அதன் உறுப்பினர் பொஹ்தானா நின்றுகொண்டிருந்தபோது செக் நாட்டிலிருந்து கணவன் ராதோவான் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"உருளைக்கிழங்கு உருண்டை எத்தனை நிமிஷம் வேகணும்?"

"மேல மிதந்தா எடுத்துடு. இத்தனை வருஷமா தின்னுட்டு இதுகூடத் தெரியலையா?"

"தின்னவனுக்கு எதுக்கு அதெல்லாம்" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. அன்று பிற்பகலே மூச்சுத் திணறி இறந்துபோனான். கூரை ஓடு சுடும் சூளையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். தூசிதான் காரணம் என்றார் மருத்துவர். சிகரெட் என்றது ஆலை. இரண்டுமே அவன் நெஞ்சுக்குள் போயின என்பது பொஹ்தானாவுக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் நாடாளுமன்றக் குழுவின் வாக்கெடுப்புக்கு வந்து உட்கார்ந்தாள். சூளைகள் தூசி வடிகட்டி பொருத்த நான்கு ஆண்டு அவகாசம், செலவில் பாதி பொது நிதியிலிருந்து. சட்ட வரைவின் அந்த ஒரு பிரிவை, எதிரணியைச் சேர்ந்த போர்ச்சுகல்காரர் அபீலியோவோடு பதினான்கு மாதம் மல்லுக்கட்டி எழுதியிருந்தாள். அவள் வடிகட்டிக்காக நின்றாள். அவர் ஊரில் வெளிநாட்டு மலிவு ஓடுகள் மூன்று ஆலைகளை மூடவைத்திருந்தன. அவர் அவகாசத்துக்காக நின்றார்.

தலைவர் திருத்தங்களின் எண்களை வேகமாக வாசித்துக்கொண்டு போனார். உறுப்பினர்கள் முன்னால் அவரவர் கட்சி கொடுத்த பட்டியல். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே கூட்டல் குறி அல்லது கழித்தல் குறி. இருநூறு திருத்தங்களை யார் நினைவில் வைப்பது? குறியைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவார்கள். முப்பத்தொன்றாம் திருத்தம் காலாவதியாகிவிட்டதால் தலைவர் அதைத் தாண்டினார். அபீலியோவின் விரல் தாண்டவில்லை. முப்பத்திரண்டாவதான அவர்களுடைய பிரிவுக்கு, முந்தைய வரியின் கழித்தலைப் பார்த்து எதிர்த்து அழுத்திவிட்டார்.

திரையில் நாற்பதுக்கு நாற்பது. சமமானால் தோல்வி.

"ஒரு வரி பின்னாடி இருந்துட்டேன், பொஹ்தானா" என்றார் அபீலியோ வெளியே வந்து. "என் வாக்கைத் திருத்தப் படிவம் கொடுத்தாச்சு."

"பதிவேட்டுல உங்க வாக்கு மாறும். முடிவு மாறாதே."

"தெரியும்."

"பதினாலு மாசம் ஒரு கமாவைக்கூட விடாம சண்டை போட்டீங்க. கடைசியில ஒரு வரியையே விட்டுட்டீங்க."

அவர் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சரி, முழுச் சபைக்குக் கொண்டுபோக முப்பத்தாறு கையெழுத்து வேணும். புதன் மதியம் கெடு. உங்க பக்கம் நீங்க ஏறி இறங்குங்க."

"எங்க ஆளுங்க என் தோலை உரிச்சுடுவாங்க."

"உரிக்கட்டும். நடக்கக் கால் மிஞ்சினா போதும்."

செவ்வாய் மாலை இருபத்தொன்பது பெயர்கள் சேர்ந்திருந்தன. பசுமைக் கட்சியின் ஃபென்னா இரண்டு கோப்பைக் காபியோடு அறைக்கு வந்தாள்.

"எங்க ஆளுங்க இருபது பேர் இப்பவே போடுவாங்க. நாலு வருஷத்தை மட்டும் ரெண்டாக்கிடுங்க. உங்க வீட்டுக்காரருக்காகவாவது."

அடக்கத்தன்று ராதோவானோடு வேலை பார்த்த பதினொரு பேர் ஆலைச் சட்டையோடு வந்து நின்றதை பொஹ்தானா நினைத்துக்கொண்டாள். இரண்டே ஆண்டு என்றால் முதலாளி சூளையை அணைத்துவிட்டுப் போய்விடுவார். ஓடு வடிகட்டியே இல்லாத வேறு ஏதோ நாட்டிலிருந்து வரும்.

"அவரே இருந்தாலும் நாலுதான் கேட்டிருப்பார்."

"அந்த நாலு வருஷத்துல இன்னும் எத்தனை பேர் இருமிச் சாவாங்கன்னு யோசிச்சீங்களா?"

"தினமும் யோசிக்கிறேன்" என்றாள் பொஹ்தானா. "சூளையே இல்லாமப் போனா வடிகட்டியை எங்க மாட்டுறது, ஃபென்னா?"

ஃபென்னா ஒரு கோப்பையை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் போனாள்.

மறுநாள் பதினொன்றரைக்கு அபீலியோ வியர்த்து வந்தார். தாளில் ஏழு பெயர்கள்.

"இதுல ரெண்டு பேர் இனி என்கூட சாப்பிட உட்கார மாட்டாங்களாம்."

"என்கூட உட்காருங்க."

அலுவலர் முப்பத்தாறையும் இரண்டு முறை சரிபார்த்து முத்திரை குத்தினார். பிரிவின் இரண்டாவது வரியில் நான்கு ஆண்டுகள் என்றே இருந்தது.