பெரியவரைவிட வலுவான மெஷின்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பல்லும் இப்போதே உதிரட்டும். அந்த நான்கையும் இத்தனை காலம் கட்டிக் காப்பாற்றியவள் இந்தக் கதையில் வரும் பல் டாக்டர்தான். அவள் உழைப்பின் மேல் பொய்ச் சத்தியம் செய்வேனா?

டாக்டர் தன் கிளினிக்கை விற்றுவிட்டாள். கணவரோடு அப்பாவின் படகில் ஏறித் தீவு தீவாகப் போவது என்று முடிவு. சாதாரணப் படகு இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஒல்லியான அடிப்பாகங்கள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் அகலமான தளம், அதன்மேல் படுக்கையறை, அடுப்பு, நெட்டையாக ஒரு பாய்மரம். கேட்டமரான் என்பார்கள். மேசையில் வைத்த டீ சிந்தாமல் போகும்.

அப்பாவை ஊரே பெரியவர் என்றுதான் கூப்பிட்டது. வெளியிலிருந்து வரும் கப்பல்களுக்கு அந்தத் துறைமுகத்தின் மேடு பள்ளம் தெரியாது. இவர் ஏறி நின்று வழி சொல்லி உள்ளே கொண்டுவருவார், வெளியே கொண்டுபோவார். ஓய்வுபெற்றபின் வாங்கிய தன் சொந்தப் படகில், சுக்கானைத் திருப்பும் சக்கரத்தை யாரையும் தொடவிட்டதில்லை. மகள் கேட்டால், "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்பார். அவளுக்குக் கிடைத்த உச்சபட்சப் பதவி நங்கூரம் கழுவுவது. போன மழைக்காலத்தில் செத்துப்போனார். அது மருத்துவமனை சொன்னது. படகுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

வெயில் கொளுத்தும் மத்தியானத்திலும் சக்கரத்தின் விளிம்பில் இரண்டு உள்ளங்கை ஈரம் பதிந்திருக்கும். பெரியவருக்குக் கை வியர்க்கும். துடைத்தால் போகும். துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பினால் மறுபடி இருக்கும். அலைதடுப்புச் சுவரின் முனை வரை படகு சொன்ன பேச்சைக் கேட்கும். முனையைத் தாண்டியதும் சக்கரம் தானாகச் சுழன்று, படகைத் துறைமுகத்தின் பக்கமே திருப்பிவிடும். டாக்டர் மல்லுக்கு நின்று பார்த்தாள். கடைவாய்ப் பல் பிடுங்கிய கை அது, லேசுப்பட்டதில்லை. இருந்தும் தோற்றாள்.

"உங்கப்பா உசுரோட இருக்கும்போதே நம்ம பேச்சு எடுபடல. இப்பவா எடுபடும்?" என்றார் கணவர். அவர் வருமானவரி ஆலோசகர். உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடும் வரம் வாங்கி வந்தவர்.

"அடுத்த வருஷம் வேணா..." என்று அவரே தொடங்கினார்.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க."

காற்று திசை மாறுவதற்குள் கிளம்பியாக வேண்டும். இருவரும் கருவிக் கடைக்குப் போனார்கள்.

"ஆட்டோபைலட்டுதானே மேடம்?" என்றார் கடைக்காரர். "எந்தத் திசைன்னு சொல்லிட்டாப் போதும், சுக்கானை அதுவே பிடிச்சுக்கும். சம்பளம் கேக்காது, சாப்பாடு கேக்காது, தூங்கவே தூங்காது."

"அப்ப உங்களுக்கு நேர் எதிர்," என்று டாக்டர் கணவரைப் பார்த்தாள்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளைத் திறந்தார். ஒன்று சக்கரத்தின் மேலேயே பெல்ட் போட்டு மாட்டுவது. சின்னது, விலை குறைவு, பலத்த காற்று அடித்தால் திணறும். மற்றது படகின் வயிற்றுக்குள் இருந்துகொண்டு, எண்ணெய் அழுத்தத்தால் சுக்கானையே நேராகப் பிடித்துத் தள்ளுவது.

"படகு என்ன கனம்? காலிப் படகோட கனத்தைச் சொல்லாதீங்க. தண்ணி, டீசல், மளிகை, சாரோட தொப்பை, எல்லாம் சேத்துச் சொல்லுங்க. எத்தனை பேர் போறீங்க?"

"ரெண்டு பேர்," என்றார் கணவர்.

"மூணு," என்றாள் டாக்டர், அதே நேரத்தில்.

கடைக்காரர் நிமிர்ந்தார்.

"எங்கப்பா," என்றாள் அவள். "சக்கரத்தை விட மாட்டேங்கறார்."

"வயசானவங்க அப்படித்தான் மேடம். பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

"தவறிட்டார்."

கடைக்காரர் பேனாவை மூடினார். "ஆள் திடகாத்திரமா?"

"கடைசி வரைக்கும்."

"அப்ப பெல்ட்டு தாங்காது. அவர் கை சக்கரத்துலதானே? உள்ளேருந்து சுக்கானைப் பிடிக்கிறதை எடுத்துக்குங்க. மேல அவர் என்ன பண்ணாலும் செல்லாது."

அப்படித்தான் பெரியவரைவிட வலுவான மெஷின் வாங்கப்பட்டது. கடைக்காரரே வந்து மாட்டினார். அந்த மெஷினுக்குக் கண் மாதிரி ஒரு மின் திசைகாட்டி உண்டு. அதைச் சக்கரத்தின் அருகே வைத்ததும் வடக்கு எது என்பதையே மறந்துபோயிற்று.

"பக்கத்துல இரும்பு இருக்கு மேடம். அது இழுக்குது."

"இங்க எது இரும்பு? எல்லாம் ஃபைபர்."

அவர் திசைகாட்டியைக் கையில் பிடித்துக் காலி இருக்கையைச் சுற்றி மேலும் கீழும் கொண்டுபோனார். "இந்த இடத்துலதான். உக்காந்த ஆளோட முழங்கால் உயரம்."

"அப்பாவுக்கு வலது முட்டில தகடு வெச்சிருந்தாங்க. அந்தக் காலத்து இரும்பு."

கடைக்காரர் திசைகாட்டியைப் படகின் மறுகோடிக்கு எடுத்துப்போய்த் திருகாணி போட்டார். "இனிமே சரியா இருக்கும். இந்தப் பக்கம் நடமாட வேணாம்னு மட்டும் ஐயாகிட்ட சொல்லிடுங்க."

மறுநாள் காலை அலைதடுப்புச் சுவரின் முனையைத் தாண்டினார்கள். டாக்டர் பொத்தானை அழுத்தினாள். சக்கரம் வழக்கம்போலத் திரும்பப் பார்த்தது. படகின் வயிற்றுக்குள் மெஷின் உறுமி, சுக்கானை இறுக்கியது. படகு நேராகப் போயிற்று.

"மெஷின்னா மெஷின்!" என்று கை தட்டினார் கணவர்.

டாக்டர் கை தட்டவில்லை. சக்கரம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஈரத் தடங்கள் விளிம்பில் வழுக்கின, மறுபடி பிடித்தன, மறுபடி வழுக்கின. விரல் விரலாகத் தெரிந்தது. மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்டது. அது மெஷினுடையது என்று அவள் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். ஒரு கிழவனின் கை தோற்பதை இத்தனை கிட்டத்தில் நின்று பார்க்க மகளால் முடியவில்லை. மெஷினை நிறுத்தினாள். பாயைத் தளர்த்தினாள். படகு அலைமேல் சும்மா மிதந்தது.

"என்னதாம்ப்பா வேணும் உங்களுக்கு?"

சக்கரத்தில் இருந்த ஈரம் காய்ந்தது. இத்தனை நாளில் முதல் முறையாகக் காய்ந்தது. பிறகு ஓரக் கம்பியில் ஓர் ஈரக் கை விழுந்தது. தள்ளி இன்னொன்று. காற்று படாத பக்கத்தில் இரண்டும் சேர்ந்து நின்றன, இறங்கப்போகிறவர் பிடித்துக்கொள்வதுபோல.

அவளுக்கு உறைத்தது. பெரியவர் எந்தக் கப்பலோடும் ஊரைவிட்டுப் போனவர் இல்லை. முனையைத் தாண்டியதும் கப்பல் வேகத்தைக் குறைக்கும். காற்று படாத பக்கமாகக் கயிற்றேணி இறங்கும். கேப்டன் கைகொடுத்து அனுப்புவார். கீழே காத்திருக்கும் சின்னப் படகில் இவர் வீடு திரும்புவார். தொழில் மரியாதை அது. ஏணி போடாமல் தன்னையும் இழுத்துக்கொண்டு ஓடுகிற கப்பலை அவர் வேறென்ன செய்வார்? திருப்பத்தான் செய்வார்.

"என்னங்க, கயித்தேணியை எடுங்க."

"நடுத்தண்ணில யாரு இறங்கப் போறா?"

"எடுங்கன்னா எடுங்களேன்."

கணவர் ஏணியைக் கட்டித் தொங்கவிட்டார். டாக்டர் கம்பியருகே போய்க் கையை நீட்டினாள். கேப்டன்கள் சொல்வதைச் சொன்னாள். "பத்திரமாக் கொண்டுவந்து விட்டீங்க. ரொம்ப நன்றி. இனிமே நாங்க பாத்துக்கறோம்."

உள்ளங்கையில் சில்லென்று ஈரம் பட்டது. வெகுநேரம் விடவில்லை. விடாதது யார் கை என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏணியின் மேல்படி இறுகியது. பிறகு அடுத்தது. முட்டி வலிக்காரர் மாடிப்படி இறங்குவதுபோல், படிக்குப் படி நின்று நின்று.

"பாத்து, மாமா," என்றார் கணவர், தன்னையறியாமல். எட்டிப் பார்த்தவரின் குரல் இறங்கிப்போனது. "கீழ படகு ஒண்ணையும் காணோமே."

ஏணி தொய்ந்தது. அந்தப் பக்கம் படகு ஒரு விரற்கடை மேலே எழுந்தது. கொஞ்ச தூரத்தில், தண்ணீரில் ஒரு வெள்ளைக் கோடு கிளம்பிற்று. சின்னப் படகு போனால் பின்னால் விழும் நுரைக்கோடு. படகைத்தான் காணவில்லை. கோடு நீண்டு, சுவர் முனையில் பழகிய மாதிரி வளைந்து, துறைமுகத்துக்குள் போய் மறைந்தது.

டாக்டர் சக்கரத்தைப் பிடித்தாள். உலர்ந்திருந்தது. அவள் திருப்பிய பக்கம் திரும்பியது.

"மெஷினைப் போடட்டுமா?" என்றார் கணவர்.

"இருக்கட்டும். நான் கொஞ்சம் ஓட்டறேன்."

இவ்வளவும் நடந்த அந்த ஊரிலிருந்து கடலுக்குப் போக, ரயிலில் ஒன்றரை நாள் ஆகும். பல்லை எண்ணிப் பார்த்துக்கொண்டேன், நான்கும் அப்படியே இருக்கின்றன.