பள்ளிக்கூடப் பாட்டுக்கு ஒரு மெட்டு

ஒரே கேள்வியை ஒரு மனுஷி எத்தனை தடவைதான் கேட்பாள்? கஸ்தூரிக்கு வாய் வலித்தது.

"இந்தப் பாட்டை யாரு பாடப் போறாங்க, பேபி?"

"ஸ்கூல் பசங்க டீச்சர்."

"அப்புறம் ஏன் மெட்டு மேல மேல ஏறிப் போகுது? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு எட்டுமா?"

பேபி ஆர்மோனியக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கீய பாடுனா எடுப்பா இல்லியே டீச்சர்."

எடுப்பாம், எடுப்பு. ஆவடி குவார்ட்டர்ஸில் தன் வீட்டு முன்னறையில் கஸ்தூரி மெட்டுப் போடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து, வருகிற அத்தனை பேருக்கும் இதே வியாதிதான். சோப்புத்தூள் விளம்பரத்துக்கு ஒரு மெட்டுப் போடு என்றால் சினிமா டூயட் வந்து நிற்கும். மாதா கோயில் பாட்டுக்குப் போடு என்றால் அதிலும் கதாநாயகன் மோட்டார் பைக்கில் வருவான். ரேடியோ இருக்கிறது, நாட்டிய நாடகம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, பிழைக்க வழியா இல்லை என்று அவள் கத்தியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. அவர்களுக்குக் கோடம்பாக்கம் போகிற பஸ் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும்.

பேபிக்கு இப்போது அந்தப் பஸ்ஸும் இல்லை. திருநின்றவூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் பாட்டு டீச்சர் தேவை. தாளாளர் தன் கையாலேயே எழுதிய பள்ளிப் பாட்டுக்கு மெட்டுப் போட்டு, பிள்ளைகளைப் பாட வைத்துக் காட்டினால் வேலை. காட்டாவிட்டால், அடுத்த வாரமே அம்பத்தூர் எஸ்டேட்டில் மாத்திரை பாக்கிங். பேபியின் அப்பா வீராசாமி அங்கே ஆளிடம் பேசிவிட்டே வந்திருந்தார். "எம்மா நாளு பொட்டியத் தட்டிகினு கீறது? போதும் டீச்சர்" என்றார். அந்த மனுஷனையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பேபியைப் போல் சுருதி பிடிக்கிற காது உள்ள பெண் மாத்திரை அட்டை அடுக்குவதை நினைத்தால் கஸ்தூரிக்கு வயிறு எரிந்தது.

ரயிலில் போகும்போதும் சொன்னாள், மெட்டை இறக்கு என்று. பேபி ஜன்னல் பக்கம் பார்த்துத் தலையாட்டினாள்.

தலையாட்டியதோடு சரி. பள்ளி ஹாலில் தாளாளர் வீரராகவன் நாற்காலி போட்டு உட்கார, கீழே சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார, பேபி ஆர்மோனியத்தைத் திறந்து அதே உயரத்தில்தான் ஆரம்பித்தாள். அவள் குரல் ஜோராகத்தான் போனது. அவளைப் பின்தொடர்ந்து பாடிய பிள்ளைகள் பாதியில் கீச்சிட்டார்கள், நாலு பேர் இருமினார்கள், ஒருத்தன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"பசங்களுக்கு வரலையேம்மா" என்று வீரராகவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பேபியின் முதுகில் ஒன்று வைத்தால் என்ன என்று கஸ்தூரிக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து ஒரு டீச்சரம்மா வருகைப் பதிவேட்டோடு உள்ளே நுழைந்தார். பிள்ளைகள் மொத்தமாக எழுந்து, "குட்... மார்... னிங்... மி...ஸ்" என்று இழுத்தார்கள். எந்த ஊரில் எந்தப் பள்ளியில் கேட்டாலும் அதே இழுப்பு.

பேபி திரும்பினாள். "இன்னொரு தபா சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்கள். அவள் கட்டைகளில் அந்த இழுப்பைத் தேடி எடுத்தாள். தாளாளரின் பல்லவியை அதன்மேல் வைத்து மெதுவாகப் பாடினாள். இரண்டாம் முறை பிள்ளைகளே பாடினார்கள். ஒரு குரல்கூடக் கீச்சிடவில்லை. கஸ்தூரிக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இதை வீட்டிலேயே செய்திருந்தால் என்னவாம்?

வீரராகவனுக்கு முகமெல்லாம் பல். "இவ்வளவு சுலபமா? பசங்க சட்டுனு பிடிச்சுக்கிட்டாங்களே. அப்போ தனியா ஒரு பாட்டு டீச்சர் எதுக்கு? நம்ம டிரில் மாஸ்டரே பாட வெச்சிடுவார். ரொம்ப சந்தோஷம்மா, போயிட்டு வாங்க."

கஸ்தூரிக்குக் காது சுட்டது. கஷ்டமாகப் போட்டாலும் வேலை இல்லை, சுலபமாகப் போட்டாலும் வேலை இல்லை. "இது என்ன சார் நியாயம்?" என்று எழுந்துவிட்டாள்.

பேபி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "பாடட்டும் டீச்சர்."

பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கஸ்தூரி கவனித்தாள். பல்லவியின் கடைசி அடி கீழே இறங்கி முடியவில்லை. படியேறத் தூக்கிய கால் மாதிரி அந்தரத்தில் நின்றது. பிள்ளைகள் அங்கே வந்ததும் வாயைத் திறந்தபடி பேபியைப் பார்த்தார்கள். மேலே வழி தெரியாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். வீரராகவனும் தன்னை அறியாமல் கூடவே முனகிக்கொண்டு போய், அதே இடத்தில் முட்டி நின்றார்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் சரணம் சார். அங்க போனாத்தான் மெட்டு முடியும்."

"அதையும் சொல்லிக் குடுத்துட்டுப் போயேன்."

"தர்றேன் சார்" என்று பேபி ஆர்மோனியத்தை மூடினாள். "வேலைக்கு சேந்த அன்னிக்கு."

இப்படி நிறுத்து என்று கஸ்தூரி அவளுக்கு ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பிள்ளைகள் மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றார்கள். வீரராகவன் ஒருமுறை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, கிளார்க்கைக் கூப்பிட்டார்.